ஸ்ட்ரோபெரி கண்ட டுஷேன்

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாகப் பணிபுரிந்த காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு தலைகுனிவைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்கவேண்டியிருக்கிறது. அந்தத் தலைகுனிவு வாய்த்திராவிடின், ஏறக்குறைய இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த ஓர் இளைஞனின் வரலாற்றை நான் தேடிப் படித்திருக்கவே மாட்டேன்.

நுவரெலியாவின் குளிரிலே நான் குடியிருந்த வீட்டின் முன்னால் ஒரு பாத்தி இருந்தது. அதில் இருபது ஸ்ட்ரோபெரிக் கன்றுகளை நட்டிருந்தேன். மாரி ஒன்று கழிந்ததும் பாத்தியில் இன்னொரு செடியும் இருப்பதைக் கண்டேன். இலை மூன்று பிரிவாக, ஓரம் பல்பல்லாக, அப்படியே ஸ்ட்ரோபெரி இலை. தரையோடு தரையாய் ஓடிகள் நீண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நாளுக்கொரு சாணாய்ப் பரவிக்கொண்டிருந்தது. சில கிழமைகளில் சின்னஞ்சிறு சிவந்த பழங்களும் தோன்றின. புல் வெட்ட வரும் பெரியவர் இது களை, பிடுங்கிவிடவா ஐயா என்று கேட்டார். நான் தடுத்துவிட்டேன். நட்ட செடியின் விதை விழுந்து காட்டுக் குணத்துக்குத் திரும்பிய ஸ்ட்ரோபெரி இது என்று எனக்குள்ளே தீர்மானித்துவிட்டேன். அவ்வளவோடு நின்றிருந்தால் நன்று. மறுநாள் வகுப்பிலே பரம்பரை பற்றிய பாடம் வந்தபோது, என் பாத்தியையே உதாரணமாகக் காட்டிப் பெருமிதத்தோடு விளக்கமும் கூறினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வயது பதினாறு இருக்கும். எங்கள் வீட்டு வேலியோரமாகத்தான் அவன் நாள்தோறும் பாடசாலைக்கு வருவான். அந்தச் செடியின் பூ மஞ்சள் நிறம், ஸ்ட்ரோபெரியின் பூ வெள்ளை, அப்படியிருக்க இரண்டும் ஒன்றாவது எப்படி என்று கேட்டான். மண்ணின் குணத்தால் நிறம் மாறும் என்றேன். அடுத்த நாள் அவன் ஓர் இலையில் இரண்டு பூக்களையும் வைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வகுப்பு சிரித்தது. நான் சினங்கொண்டு அவனை இருக்கச் சொன்னேன். அவன் இருந்தான், அதன் பிறகு பல நாட்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று மாலை பாத்தியருகே குந்தி முதன்முறையாக அந்தச் செடியை ஒழுங்காகப் பார்த்தேன். பூ மஞ்சள்தான், ஐந்து இதழ். ஸ்ட்ரோபெரிப் பூக்கள் ஒரே காம்பிற் பலவாகக் கொத்தாய் வரும்; இவையோ தனித்தனிக் காம்பில் ஒற்றை ஒற்றையாய் நின்றன. பூவின் கீழே புல்லிகளுக்கு வெளியே இன்னொரு வட்டமாகச் சிற்றிலைகள் இருந்தன. அவை புல்லியினும் அகன்று, நுனியில் மும்மூன்று பல்லாய் வெட்டுண்டிருந்தன. ஸ்ட்ரோபெரிப் பழம் பாரத்தாற் குனிந்து தொங்கும். இந்தப் பழமோ தலைநிமிர்ந்து வானத்தைப் பார்த்து நின்றது. விதைபோன்ற மணிகள் பழத்தின் மேலே புடைத்து நின்றன. ஒன்றைப் பறித்து வாயிலிட்டேன். மணமும் இல்லை, இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. நீரைக் கடித்தாற்போல் இருந்தது. நஞ்சன்று, ஆனால் உண்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

தாவரவியல் நூல்களைப் புரட்டியபோது செடி அகப்பட்டது. ஆங்கிலத்தில் அதனைப் போலி ஸ்ட்ரோபெரி என்றும் இந்திய ஸ்ட்ரோபெரி என்றும் வழங்குவர். ஆசியாவின் தெற்கிலும் கிழக்கிலும் இயல்பாக வளர்வது. அலங்காரச் செடியாக மேனாடுகளுக்குச் சென்று, இன்று அங்கும் புற்றரைகளிற் களையாகப் பரவியிருப்பது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். ஓடிகள் மீதி வேலையைச் செய்துவிடும். 1807 ல் ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலேயர் இதனை ஸ்ட்ரோபெரிப் பேரினத்திற் சேர்த்துப் பெயரிட்டார். மாணவனுக்கு நான் சொன்ன பிழையை எனக்கு முன்னரே ஒருவர் செய்திருந்தார் என்பதில் ஒரு சிறு ஆறுதல். நான்கே ஆண்டுகளில், 1811 ல், சேர் ஜேம்ஸ் எட்வேர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் இது ஸ்ட்ரோபெரியே அன்று என்று பிரித்தெடுத்து, டுஷேனியா என்று புதுப்பேரினம் ஒன்றை அமைத்தார். டுஷேன் என்ற ஒருவரின் நினைவாக இட்ட பெயர் அது. யார் இந்த டுஷேன்? ஸ்ட்ரோபெரி அல்லாத ஒரு செடிக்கு இவருடைய பெயரை ஏன் இடவேண்டும்? இந்தக் கேள்வியே என்னை அவருடைய வாழ்க்கைக்குள் இட்டுச் சென்றது.

அந்துவான் நிக்கொலா டுஷேன் 1747 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7 ஆம் திகதி பிரான்சிலே வெர்சாய் நகரிற் பிறந்தார். நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்க ஆண்டு அது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையிலே மருத்துவராய் இருந்த போல் ஹேர்மன் என்பார் 1670 களில் திரட்டி உலர்த்திவைத்த தாவரங்களை ஆராய்ந்து, சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ் இலங்கைத் தாவரநூலை வெளியிட்டதும் 1747 ஆம் ஆண்டின் பெயராலேயே. அந்த லின்னேயசோடு பிற்காலத்தில் ஒரு சிறுவனாக நின்று வாதாடப்போகும் பிள்ளை அதே ஆண்டிற் பிறந்தது.

டுஷேனின் தந்தையார் அரசமாளிகைக் கட்டடங்களின் பராமரிப்பில் உயர்பதவி வகித்தவர். மகனோ கட்டடங்களை விட்டுத் தோட்டங்களையே நாடினான். வெர்சாய் மாளிகையை அடுத்த திரியனோன் என்னுமிடத்தில் மன்னர் பதினைந்தாம் லூயிக்காகப் பெர்னார் த ஜூசியூ என்னும் தாவரவியலார் 1759 இல் ஒரு தாவரத் தோட்டத்தை ஒழுங்கு செய்திருந்தார். ஜூசியூ எழுதியது மிகச் சொற்பம். கற்பித்தது மிக அதிகம். தம்மிடம் வந்த சிறுவனை அவர் வயது பார்த்துத் தள்ளவில்லை. செடியைத் தொட்டுப் பார்க்கவும், பார்த்ததைக் குறித்துவைக்கவும், குறித்ததை மீண்டும் செடியோடு ஒப்பிடவும் பழக்கினார். டுஷேன் தமது முதல் தாவரவியற் கைந்நூலை வெளியிட்டது 1764 ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது பதினேழு.

இங்கே, டுஷேன் பிறக்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு கதையைச் சொல்லவேண்டும். 1712 இல் பதினான்காம் லூயி மன்னர் பிரெசியே என்னும் பொறியியலாளரைத் தென்னமெரிக்காவிற்கு அனுப்பினார். சிலி, பெரு நாடுகளிலே ஸ்பானியர் கட்டியிருந்த கோட்டைகளை வேவு பார்த்துப் படம் வரைந்துவருவதே அவர் வேலை. வணிகர் வேடத்திற் சென்ற பிரெசியே, கோட்டைகளை மட்டுமன்றிக் கொன்செப்சியோன் நகரத் தோட்டங்களிலே கோழிமுட்டையளவு பருத்த ஸ்ட்ரோபெரிப் பழங்களையும் கண்டார். ஐரோப்பியர் அதுவரை அறிந்திருந்த காட்டு ஸ்ட்ரோபெரியோ விரல்நுனியளவுதான். சில செடிகளைச் சட்டியில் நட்டுக் கப்பலேற்றினார். ஆறு மாதக் கடற்பயணத்தில் நன்னீர் பொன்னாயிருந்தது. 1714 இல் மார்செய் துறையை அடைந்தபோது ஐந்து செடிகளே உயிரோடிருந்தன. செடிகளுக்குத் தண்ணீர் தந்துதவிய கப்பல் அதிகாரிக்கு இரண்டு, பாரிசிலுள்ள அரச தோட்டத்திற்கு ஒன்று, தம் மேலதிகாரியாகிய அமைச்சருக்கு ஒன்று, தமக்கு ஒன்று.

செடிகள் தழைத்தன, ஓடிகள் விட்டன, பூத்தன. ஆனால் காய்க்கவில்லை. இங்குமங்கும் ஒன்றிரண்டு காய்த்தாலும் பெரும்பாலான தோட்டக்காரருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அரை நூற்றாண்டு காலம் அறிஞர்கள் மண்ணைக் குறைகூறினர், குளிரைக் குறைகூறினர், எருவைக் குறைகூறினர். பிரித்தானித் தீபகற்பத்துக் குடியானவர்கள் மட்டும், வேறு ஸ்ட்ரோபெரிச் செடிகளின் பக்கத்தில் நட்டால் இது காய்க்கிறது என்று அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஏன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஏன் என்பதற்கு விடை கண்டவர்தான் டுஷேன். தாவரங்களிலும் ஆண் பெண் உண்டென்பதை ஜெர்மானிய அறிஞர் காமெராரியுஸ் 1694 இலேயே நிறுவியிருந்தார். எனினும், ஸ்ட்ரோபெரிப் பூவில் கேசரமும் சூலகமும் ஒருங்கே இருப்பதால் அது எப்போதும் தன்னிற் தான் நிறைந்தது என்றே அனைவரும் கருதினர். டுஷேன் முதலிற் கண்டது கஸ்தூரி ஸ்ட்ரோபெரியை. அதிலே சில செடிகள் காய்க்கும். சில காய்க்கவே மாட்டா. காய்க்காதவை பயனற்றவை, பாத்தியை அடைக்கும் மலடு என்று தோட்டக்காரர்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்துவந்தார்கள். பிடுங்கப் பிடுங்க எஞ்சிய செடிகளும் காய்ப்புக் குன்றின. டுஷேன் பூக்களைப் பிரித்துப் பார்த்தார். மலடென்று எறிந்தவை ஆண் செடிகள். மகரந்தம் வழங்குபவை அவையே. எஞ்சியவை பெண் செடிகள். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று எண்ணித் தோட்டத்தின் தந்தையரையே தோட்டக்காரர் களைந்துகொண்டிருந்தனர்.

இதை அறிந்தபின் சிலி நாட்டுச் செடியின் மர்மம் தானே அவிழ்ந்தது. அதன் பூக்களிற் கேசரம் பெயருக்கு இருந்ததேயன்றி மகரந்தம் இல்லை. பிரெசியே நன்றாகக் காய்த்த செடிகளையே தேடி எடுத்திருக்கவேண்டும். காய்ப்பவையெல்லாம் பெண்கள் அல்லவா? ஆகவே ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த அவற்றின் சந்ததி அத்தனையும் பெண்களே. துணையில்லாக் குறையே காய்ப்பில்லாக் குறை. டுஷேன் ஒரு சிலிச் செடியைச் சட்டியில் வைத்து, அதன் பூக்களுக்குக் கஸ்தூரி ஸ்ட்ரோபெரியின் மகரந்தம் கிடைக்கச் செய்தார். ஐம்பது ஆண்டுகளாக அறிஞரை ஏய்த்த செடி பருத்த பழங்களால் நிறைந்தது. 1764 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6 ஆம் திகதி, அந்தச் சட்டியை அப்படியே மன்னர் முன் கொண்டுபோய் வைத்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது நிறைந்திருக்கவில்லை. மன்னர் மகிழ்ந்து, அந்தச் செடியை ஓவியமாகத் தீட்டுமாறு பணித்தார். ஐரோப்பாவிலுள்ள ஸ்ட்ரோபெரி வகைகள் யாவற்றையும் திரியனோனிற் சேர்த்து வளர்க்கும் உரிமையையும் வழங்கினார்.

அரச அவையிற் கிடைத்த பாராட்டு ஓர் இளைஞனைக் கெடுத்துவிடப் போதுமானது. டுஷேனை அது கெடுக்கவில்லை. அவர் பல தேசத்துத் தோட்டக்காரருக்கும் அறிஞருக்கும் கடிதம் எழுதினார். செடிகளையும் விதைகளையும் வரவழைத்தார். ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். அக்காலத்தில் இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் அன்னாசி ஸ்ட்ரோபெரி என்று ஒரு புதுவகை பேர்பெற்றிருந்தது. பெரிய பழம், அன்னாசியை நினைவூட்டும் மணம். அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொரு கதை. எந்த நாட்டிலிருந்தும் அது வரவில்லை. வட அமெரிக்காவின் வெர்ஜீனிய ஸ்ட்ரோபெரியும் தென்னமெரிக்காவின் சிலி ஸ்ட்ரோபெரியும் ஐரோப்பியத் தோட்டத்தில் அக்கம்பக்கமாய் நின்றபோது பிறந்த கலப்பே அது என்று டுஷேன் முடிவு செய்தார். ஒரே கண்டத்தொகுதியில் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் வாழ்ந்த இரு செடிகள், கடல் கடந்து அந்நிய மண்ணிற் சந்தித்து ஒரு குழந்தையைப் பெற்றன. இன்று உலகச் சந்தையில் விற்கப்படும் ஸ்ட்ரோபெரி அநேகமாக எல்லாம் அந்தக் குழந்தையின் வழித்தோன்றல்களே. நுவரெலியாவில் என் பாத்தியில் நட்ட இருபது கன்றுகளும் அதன் வம்சமே. டுஷேன் கண்ணாற் கண்டு சொன்னதை, இருபதாம் நூற்றாண்டு நுணுக்குக்காட்டியாற் கண்டது. காட்டு ஸ்ட்ரோபெரிக்கு 14 நிறமூர்த்தங்கள், கஸ்தூரிக்கு 42, வெர்ஜீனியச் செடிக்கும் சிலிச் செடிக்கும் அன்னாசி ஸ்ட்ரோபெரிக்கும் 56.

1766 இல் டுஷேன் ஸ்ட்ரோபெரிகளின் இயற்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். பத்தொன்பது வயதினர் எழுதிய அந்நூலில் ஒரு பெரிய கேள்வி புதைந்திருக்கிறது. அதற்குக் காரணம் வெர்சாயில் அவர் வளர்த்த காட்டு ஸ்ட்ரோபெரி விதையிலிருந்து முளைத்த ஒரு விந்தைச் செடி. மூன்று பிரிவாய் இருக்கவேண்டிய இலை அதில் ஒற்றையாய் இருந்தது. அதன் விதையை ஊன்றினால் வந்த செடிகளிலும் ஒற்றை இலையே. படைப்பின்போது இருந்த இனங்களே இன்றும் இருக்கின்றன, புதிதாய் ஓர் இனம் தோன்றாது என்பது அக்காலத்து அறிஞரின் பொதுவான கொள்கை. லின்னேயசும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் அதனையே போதித்தவர். அப்படியாயின், தந்தையில் இல்லாத இலை மகனில் வந்து பேரனிலும் நிலைத்துவிட்டதே, இதனை என்னவென்று சொல்வது?

டுஷேன் ஒற்றையிலைச் செடியை லின்னேயசின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1753 இல் வெளிவந்த தமது பெருநூலிலே லின்னேயஸ் சிலி நாட்டுச் செடியையும் காட்டு ஸ்ட்ரோபெரியின் ஒரு வகையாகவே அடக்கிவிட்டிருந்தார். தாவர உலகுக்கே பெயர் வழங்கிய அந்த முதியவரின் முன், கஸ்தூரியும் வெர்ஜீனியாவும் சிலியும் வெவ்வேறு என்று ஒரு சிறுவன் எடுத்துரைத்தான். லின்னேயஸ் ஒற்றையிலைச் செடியை 1767 இல் தமது நூலின் புதிய பதிப்பிலே ஒரு தனி இனமாகச் சேர்த்துக்கொண்டார். வேறொருவராயின் தமது தோட்டத்து முளைக்கு உலகப் பேரறிஞரே தனி இனம் என்று முத்திரை குத்திவிட்டாரென மகிழ்ந்திருப்பார். டுஷேனோ அதனைத் தனி இனமென்று கொள்ளவில்லை. அதன் பெற்றோர் யார் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் அது காட்டு ஸ்ட்ரோபெரியிற் கிளைத்த ஒரு பரம்பரைதான் என்றார். செடிகளை ஒழுங்குபடுத்த இயற்கையான வழி உருவ ஒற்றுமை மட்டுமன்று, யாரிடமிருந்து யார் பிறந்தார் என்னும் வம்சாவளியே என்று வற்புறுத்தினார். தம் நூலிலே ஸ்ட்ரோபெரிகளுக்கு ஒரு வம்சாவளிப் படமும் வரைந்து சேர்த்தார். டார்வினுடைய இனங்களின் தோற்றம் 1859 இல் வெளிவர இன்னும் தொண்ணூற்றுமூன்று ஆண்டுகள் இருந்தன.

இத்தகைய ஆரம்பத்தைக் கண்டவர்கள் மாபெரும் எதிர்காலத்தை எதிர்பார்த்திருப்பார்கள். காலம் வேறுவிதமாய்ச் சென்றது. 1774 இல் பதினைந்தாம் லூயி இறந்தார். திரியனோன் புதிய அரசி மேரி அந்துவானெத்தின் கைக்கு மாறியது. தாவரத் தோட்டம் கலைக்கப்பட்டு உல்லாசப் பூங்காவாகியது. டுஷேன் சோர்ந்துவிடவில்லை, ஸ்ட்ரோபெரியில் ஆண்ட முறையையே பூசணிக் குடும்பத்திலும் ஆண்டார். வகைவகையாய்ப் பயிரிட்டு, கலந்து பார்த்து, இருநூறுக்கும் மேற்பட்ட நிறச் சித்திரங்களைத் தம் கையாலேயே வரைந்தார். எவை ஒன்றோடொன்று கலக்கும், எவை கலவா என்று சோதித்து இனம் பிரித்தார். 1786 இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில் அவர் இட்ட பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. அமெரிக்காவிலிருந்து வந்து நம் அடுக்களையிற் கறியாகும் பெரிய பூசணிக்காயின் தாவரவியற் பெயரை முழுமையாக எழுதினால், அதன் ஈற்றிலே பெயரிட்டவராக டுஷேனின் பெயரும் வரும். லமார்க் தொகுத்த கலைக்களஞ்சியத்திலும் ஸ்ட்ரோபெரி பற்றி எழுதியவர் இவரே.

1789 இல் புரட்சி வந்தது. அரசமாளிகையை நம்பியிருந்த குடும்பங்களின் பதவியும் வருவாயும் அதனோடு போயின. மன்னரிடம் பாராட்டுப் பெற்ற மேதை, பின்னர் வெர்சாயிலே மாணவர்க்கு இயற்கை வரலாறு கற்பிக்கும் ஆசிரியரானார். இச்செய்தியைப் படித்தபோது என் மனம் சற்று நின்றது. வெண்கட்டி பிடிக்கும் நம்மினத்தவராகவே அவரும் வாழ்ந்திருக்கிறார். 1827 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், தமது எழுபத்தொன்பதாம் வயதிற் காலமானார். அவர் கண்ணெதிரிலேயே ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அன்னாசி ஸ்ட்ரோபெரியிலிருந்து புதுப்புது வகைகளை உண்டாக்கிப் பொருள் ஈட்டத் தொடங்கியிருந்தனர். அவர் சொல்லிச் சென்ற பரம்பரைத் தத்துவத்தை உலகம் முழுதாக உணர்வதற்கு இன்னும் நெடுங்காலம் சென்றது.

அவர் பெயர் தாங்கிய செடியின் கதையும் அப்படியே. 1904 இல் வோல்வ் என்னும் ஜெர்மானிய அறிஞர், டுஷேனியா தனிப் பேரினமன்று, மஞ்சட் பூப் பூக்கும் பொட்டென்டில்லாக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றார். பரம்பரைப் பொருளையே படித்தறியும் இக்காலத்து ஆய்வு அவர் பக்கமே சாய்ந்துள்ளது. இன்று அறிஞர் பலர் டுஷேனியா என்னும் பெயரை விட்டு, பொட்டென்டில்லா இண்டிக்கா என்றே எழுதுகின்றனர். முதலில் இதை ஓர் அநியாயம் என்று எண்ணி வருந்தினேன். பின்னர் யோசித்தபோது வருத்தம் நீங்கியது. உருவத்தைப் பாராதே, வம்சாவளியைப் பார் என்பதல்லவா டுஷேன் போதித்தது? அவருடைய கொள்கையைக் கொண்டே அவருடைய நினைவுப் பெயரை நீக்கியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

இவ்வளவையும் படித்து முடிக்க எனக்கு ஒரு மாதம் சென்றது. படித்தபின் செய்யவேண்டியது ஒன்றிருந்தது. அதைச் செய்ய இன்னும் ஒரு கிழமை தயங்கினேன். தவறென்று தெரிந்த ஒன்றைத் தனியே திருத்திக்கொள்வது எளிது. நாற்பது பிள்ளைகள் முன்னிலையிற் சொன்னதை நாற்பது பிள்ளைகள் முன்னிலையிலேயே திருத்துவது எளிதன்று. முடிவில் ஒரு நாள் காலை, பாத்தியிலிருந்து இரண்டு செடிகளையும் வேரோடு எடுத்துச் சென்று மேசைமேல் வைத்தேன். நான் சொன்னது பிழை, பின்வரிசைத் தம்பி சொன்னதே சரி என்று அறிவித்தேன். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. அவனை முன்னே அழைத்து, வேற்றுமைகளை அவன் வாயாலேயே சொல்லச் சொன்னேன். பூ, காம்பு, புல்லி, பழம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிவந்தவன், நான் கவனியாத ஒன்றையும் சொன்னான்: ஸ்ட்ரோபெரியின் மணிகள் சதையிற் குழிந்து பதிந்திருக்கின்றன, மற்றதில் அவை வெளியே தள்ளி நிற்கின்றன. மணிகள் புடைத்திருப்பதை நான் பார்த்திருந்தேன். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவன் அவனே.

அதன் பின்னரே டுஷேனின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். ஜூசியூ என்ற முதியவர் ஒரு சிறுவனின் பேச்சுக்குச் செவிகொடுத்திராவிட்டால் அந்தக் கதையே இல்லை என்பதையும் சொன்னேன். காய்க்காத செடியை மலடென்று பிடுங்கிய தோட்டக்காரரின் கதையைச் சொன்னபோது என் குரல் சிறிது தடுமாறியது. வகுப்பறையிலும் பாத்தி உண்டு; அங்கேயும் நாம் அவசரப்பட்டுப் பிடுங்கும் செடிகள் உண்டு.

அன்று மாலை புல் வெட்ட வந்த பெரியவர், அந்தக் களையை இனியாவது பிடுங்கலாமா என்று கேட்டார். பாத்தியிலே பரவியவற்றைப் பிடுங்கச் சொன்னேன். அவர் முதல் நாளே சொன்னது சரிதான், அது களையே. ஆயினும் வேலியோரத்தில் ஒரு பிடியை மட்டும் விட்டுவைக்குமாறு கேட்டுக்கொண்டேன். சுவையற்ற பழம் பழுக்கும் அந்தச் செடியினருகே, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் சிலர் நின்று குனிந்து பார்த்துப் போவதைப் பின்னாளிற் பல தடவை கண்டிருக்கிறேன்.